ட்ரிக்கர்: இழுப்பது பாதி, விடுவது பாதி

யூடியூபில் பிஸ்டல் விமர்சனம் பார்க்கிற ஆட்கள் நம் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருத்தரிடமும் துப்பாக்கி கிடையாது, வாங்கப்போவதும் இல்லை. ஆனாலும் கேன்டீனில் உட்கார்ந்தால் போதும், "கிளாக் ரீசெட் மாதிரி வருமாடா?", "1911 ட்ரிக்கரைத் தொட்டாலே போதும்டா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமனார் வீட்டில் மோட்டார் சைக்கிள் வாங்கித் தரப்போகிற மாதிரி அவ்வளவு ஆராய்ச்சி. சரி, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தோன்றுவதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கட்சி இதுதான். ட்ரிக்கர் எவ்வளவு லேசு, ரீசெட் எவ்வளவு சின்னது என்று அளந்து மார்க் போடுவது பொருட்காட்சியில் வேடிக்கை பார்க்கிற வேலை. அந்த ட்ரிக்கரை அழுத்தப் போகிற விரலுக்கு வருஷத்துக்கு எத்தனை தோட்டா பயிற்சிக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் நிஜமான கேள்வி. அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக ட்ரிக்கரையே கனமாக்கி வைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. நம் வகுப்பில் நாலு பேர் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறார்கள். இன்றைக்கு யூடியூபில் பார்க்கிற சாமானை நாளைக்கு இடுப்பில் மாட்டிக்கொண்டு திருத்தணி பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள். அதனால் இது வெறும் கேன்டீன் பேச்சு இல்லை.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். தெரிந்தவர்கள் நாலு பாரா தள்ளிப் போகலாம்.

எங்கள் பக்கம் பழைய ஆட்கள் துப்பாக்கியில் அந்தப் பகுதியையே 'குதிரை' என்பார்கள். தமிழ்ப் புத்தகங்களில் 'விசை'. நான் ட்ரிக்கர் என்றே எழுதுகிறேன், பேச்சில் அதுதானே வருகிறது. விரலை வைத்து மெல்ல இழுத்தால் முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் லூசாக வரும். அப்புறம் ஒரு இடத்தில் முட்டி நிற்கும். அங்கிருந்து இன்னும் அழுத்தினால் உள்ளே இருக்கிற கொக்கி விடுபட்டுத் தோட்டா வெடிக்கும். லூசாக வந்த தூரம், முட்டிய இடம், விடுபட்ட கணம், இந்த மூன்றும் சேர்ந்துதான் 'ட்ரிக்கர் ஃபீல்' என்கிறார்கள். தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வெடித்தவர்களுக்கு இது தெரியும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நீளமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும், எங்கே வெடிக்கும் என்றே சொல்ல முடியாது. ரிவால்வரை டபுள் ஆக்‌ஷனில் சுடுவது ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

ரீசெட் என்பது செமி ஆட்டோமேடிக்கில் வருகிற சங்கதி. தோட்டா வெடித்ததும் மேலே இருக்கிற ஸ்லைடு பின்னால் போய், காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது. இது கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. உங்கள் விரல் இன்னும் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். அப்படியிருந்தும் அடுத்த தோட்டா தானாக வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம், ஸ்லைடு பின்னால் போகும்போது ட்ரிக்கருக்கும் கொக்கிக்கும் உள்ள தொடர்பு துண்டிக்கப்படுவது. விரலைத் தளர்த்தி ட்ரிக்கரைக் கொஞ்சம் முன்னால் விட்டால் அந்தத் தொடர்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் நுனியில் ஒரு சின்னத் தட்டு. அதுதான் ரீசெட். கம்ப்யூட்டர் மவுஸை மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது ஒரு கிளிக், விடும்போது இன்னொரு கிளிக். இரண்டாவது கிளிக் வராமல் நீங்கள் எத்தனை அழுத்து அழுத்தினாலும் கம்ப்யூட்டருக்கு அது கணக்கில்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும் (பி.காம். படிக்கிறவன் டைப்ரைட்டிங் லோயராவது முடித்திருக்கணும் என்பது எல்லா அப்பாக்களின் சட்டம்). அவசரத்தில் முதல் எழுத்தின் கம்பி திரும்பி வருவதற்குள் அடுத்த கட்டையைத் தட்டினால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். வேகமாக அடிக்கிறவர்களின் கை அழுத்துவதைப் போலவே தூக்குவதையும் தாளத்தோடு செய்யும். பிஸ்டலிலும் அதே கதைதான். அவசரத்தில் விரலை முழுசாக விடாமல் மறுபடி இழுத்தால் ஒன்றும் நடக்காது. சுடுகிறவன் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைப்பான்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

ட்ரிக்கர் எடையை மட்டும் தனியாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை என்பேன். துப்பாக்கியின் எடையோடு சேர்த்துச் சொல்லவேண்டும். சர்வதேசப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. நடுவர் 500 கிராம் எடைக்கல்லை ட்ரிக்கரில் மாட்டித் தூக்கச் சொல்வார். கல் எழும்ப வேண்டும், ட்ரிக்கர் விடுபடக்கூடாது. ஏர் பிஸ்டலின் மொத்த எடைக்கு உச்சவரம்பு 1500 கிராம். அதாவது விரல் கொடுக்கிற விசை துப்பாக்கியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 25 மீட்டர் பிரிவில்தான் .22 செமி ஆட்டோமேடிக் வருகிறது. அங்கே ட்ரிக்கர் குறைந்தது 1000 கிராம், துப்பாக்கி அதிகபட்சம் 1400 கிராம். இங்கேயும் விரலின் விசை துப்பாக்கியின் எடையைத் தாண்டத் தேவையில்லை.

கிளாக் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா நிரப்பினால் சுமார் 900 கிராம். ட்ரிக்கர் சுமார் இரண்டரைக் கிலோ. தன் எடையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விசையை ஒரு விரல் கொடுக்கும்போது அந்தச் சாமான் அசையாமல் நிற்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்க வேண்டுமென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள். அது ஏர் பிஸ்டல். ஒரு லிட்டர் பாட்டில் மாட்டினால் ஒலிம்பிக் 25 மீட்டர். இரண்டரை லிட்டர் மாட்டினால் கிளாக். மற்ற விரல்களை ஆட்டாமல் அந்த ஒரு விரலை மட்டும் மடக்குங்கள் பார்ப்போம்.

ஆடினால் என்ன ஆகும்? கிளாக் 17-இல் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 165 மில்லிமீட்டர். முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 6 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 25 மீட்டரில் 15 சென்டிமீட்டர். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான், வேறு ஒன்றுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் பலூன் சுடும்போது "துப்பாக்கி வளைஞ்சிருக்குடா" என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, பாதி நேரம் வளைந்திருப்பது நம் விரல் இழுக்கிற திசை. (மீதிப் பாதி நேரம் துப்பாக்கியும் வளைந்துதான் இருக்கும், அதை மறுக்கவில்லை!)

ரீசெட்டைப் பற்றி விமர்சனக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவை நினைத்துப் பாருங்கள். கை 45 டிகிரி கீழே தாழ்ந்திருக்க வேண்டும். இலக்கு தெரிந்ததும் தூக்கி, வரிசையாக இருக்கிற ஐந்து இலக்குகளுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து குண்டு. எல்லாம் நாலே வினாடிக்குள். இறுதிச் சுற்றில் 40 குண்டுகளில் 30-ஐ இலக்கில் சேர்த்தார் மனிதர். கியூபாவின் லியூரிஸ் பூப்போ 34 சேர்த்துத் தங்கம் வாங்கினார். அந்த நாலு வினாடியில் விரல் எவ்வளவு தூரம் முன்னால் போய்த் திரும்ப வேண்டும் என்பது பெரிய விஷயம்தான். 2004 வரை இந்தப் பிரிவில் ட்ரிக்கருக்குக் குறைந்தபட்ச எடையே கிடையாது, சின்ன .22 ஷார்ட் தோட்டா வேறு. அதற்குப் பிறகு 1000 கிராம் விதியும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவும் வந்தன. ட்ரிக்கர் கனமாகிவிட்டதே என்று ஆட்டம் நின்றுபோய்விடவில்லை. பயிற்சி செய்தார்கள், சுட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனு பாக்கருக்கு 2021 ஜூலையில் டோக்கியோவில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மின்னணு ட்ரிக்கரில் கோளாறு. சரிசெய்து திரும்பி வருவதற்குள் பொன்னான நிமிஷங்கள் போய்விட்டன. 575 புள்ளி எடுத்து 12-ஆவது இடம், இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. மின்னணு ட்ரிக்கர் என்றால் சும்மா இல்லை, உரசலே இல்லாத, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விடுபடுகிற உயர்ந்த சாமான். அதுவும் காலை வாரும். அதே மனு 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். செமி ஆட்டோமேடிக் வருகிற 25 மீட்டர் பிரிவில் டை பிரேக்கரில் வெண்கலத்தை விட்டு நான்காவது. மூன்று வருஷத்தில் மாறியது துப்பாக்கி மட்டும் என்று யாராவது சொல்வார்களா?

அஜித் விஷயமும் அப்படித்தான். 2021-இல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஆறு பதக்கம், 2022-இல் திருச்சியில் மறுபடி ஆறு பதக்கம். அவர் என்ன பிஸ்டல் வைத்திருக்கிறார் என்று தேடினவர்கள்தான் அதிகம். சென்னை ரைஃபிள் கிளப்புக்கு எத்தனை நாள் போனார் என்று கேட்டவர்கள் குறைவு. (தல ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நானும் ரசிகன்தான்.)

இதுவரை சொன்னது விளையாட்டு. இடுப்பில் தொங்குகிற பிஸ்டல் வேறு. அதற்கு எதிரே நிற்பது காகித இலக்கு இல்லை, சுற்றி நிற்பதும் நடுவர்கள் இல்லை.

எங்கள் மாமா ஒருவர் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ட்ரிக்கரைப் பற்றிக் கேட்டால் 9 எம்.எம். பிஸ்டலைத்தான் சொல்வார். மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது, பிரௌனிங் ஹை பவரின் இந்திய வடிவம். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் இங்லிஸ் கம்பெனி செய்ததின் வழியில் வந்தது. அந்த ட்ரிக்கர் கொஞ்சம் மணல் அரைபடுகிற மாதிரி சொரசொரவென்று வரும் என்பார். அதற்குக் காரணம் உண்டு. மேகசினைக் கழற்றினால் ட்ரிக்கர் வேலை செய்யக்கூடாது என்று அந்தத் துப்பாக்கியில் ஒரு பாதுகாப்பு அமைப்பு வைத்தார்கள். அதன் முனை மேகசினில் உரசிக்கொண்டே நகரும். விரலுக்குத் தெரிகிற சொரசொரப்பு அந்த உரசல்தான். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒரு சின்ன உறுப்பு குறி பார்ப்பதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. அப்புறம் கிளாக் வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே. ஆனா எந்தத் துப்பாக்கியா இருந்தா என்ன, வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். இந்தக் கட்டுரை முழுக்க அவருடைய இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

இப்போது நியூயார்க் கதை.

நியூயார்க் நகரப் போலீஸ் 1993-இல் ரிவால்வரிலிருந்து 9 எம்.எம். செமி ஆட்டோமேடிக்குக்கு மாறியது. பழைய ரிவால்வரின் நீளமான கனமான இழுப்புக்குப் பழகியவர்கள் திடீரென்று லேசான ட்ரிக்கரைக் கையில் எடுத்தால் தெரியாமல் வெடித்துவிடுமே என்று அதிகாரிகளுக்குப் பயம். நியாயமான பயம்தான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், ட்ரிக்கரை 12 பவுண்டு வரை கனமாக்குவது. 12 பவுண்டு என்றால் சுமார் 5.4 கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு விரலில் தூக்குகிற மாதிரி. துப்பாக்கியின் எடையைப் போல ஆறு மடங்கு. கிளாக்கில் இதற்கென்றே ஒரு ஸ்பிரிங் உண்டு, அதன் பெயரே 'நியூயார்க் ட்ரிக்கர்'.

காஸ்டிங் பாடம் படித்த கண்ணால் இதைப் பாருங்கள். ஸ்பிரிங் ஒரு தடவைச் செலவு, அதுவும் சொற்பக் காசு. பயிற்சி மாறும் செலவு. ஆள் கூடக் கூட, வருஷம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். தோட்டா, சுடுதளம், பயிற்சியாளர் சம்பளம், பயிற்சிக்குப் போன நேரத்தில் தெருவில் ஆள் இல்லாத நஷ்டம். எந்த மேனேஜராக இருந்தாலும் ஸ்பிரிங்கில்தான் கையெழுத்துப் போடுவார். நானும் போட்டிருப்பேன்.

ஸ்பிரிங் எதைத் தடுத்தது? 1999 பிப்ரவரியில் அமாடு டியாலோ என்கிற ஆயுதம் இல்லாத இளைஞரை நோக்கி நாலு போலீஸ்காரர்கள் 41 குண்டு சுட்டார்கள். 19 அவர் மேல் பட்டன. சுட வேண்டும் என்று மனசு முடிவு செய்துவிட்டால் 12 பவுண்டு ஒரு தடையே இல்லை. 2006-இல் ஷான் பெல் கொல்லப்பட்டபோது 50 குண்டு. அதற்குப் பிறகுதான் ராண்ட் நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தார்கள். 2008-இல் வந்த அந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்ட குண்டுகளில் இலக்கில் பட்டவை 18 சதவீதம். மீதி 82? சுவர், கார், கடைக் கண்ணாடி, யாரோ ஒருவர். ட்ரிக்கரின் எடையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அந்த அறிக்கையே யோசனை சொன்னது.

2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், ஒருவரைக் கொன்றுவிட்டு நடந்துபோன கொலைகாரன் துப்பாக்கியை நீட்டினான். இரண்டு போலீஸ்காரர்கள் 16 குண்டு சுட்டார்கள். அவன் செத்தான். கூடவே வழியில் போன ஒன்பது பேருக்குக் காயம். ஒன்பதும் போலீஸ் குண்டாலோ அதன் சிதறலாலோ வந்தவை. 12 பவுண்டு ட்ரிக்கர்தான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். காலை நேரம், கூட்டமான நடைபாதை, மூன்று மீட்டரில் ஒரு துப்பாக்கி நம்மை நோக்கி நீளுகிறது, அப்போது யாருடைய கை ஆடாது? ஆனால் ஆடுகிற கையில் ஆறு மடங்கு எடையையும் கொடுத்து அனுப்பியது யார் என்று கேட்கலாம் அல்லவா?

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்தது. 2014 நவம்பர் 20. புரூக்ளினில் ஓர் அரசுக் குடியிருப்பின் இருட்டுப் படிக்கட்டு. பணியில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பீட்டர் லியாங் என்கிற போலீஸ்காரர் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறார். ஏதோ சத்தம். துப்பாக்கி வெடிக்கிறது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, ஒரு மாடி கீழே படியிறங்கிக்கொண்டிருந்த அகாய் கர்லியின் நெஞ்சில் பாய்கிறது. அவருக்கு வயது 28, கையில் எந்த ஆயுதமும் இல்லை, அவருக்கும் இந்த விவகாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தெரியாமல் வெடிக்கக்கூடாது என்பதற்காகத்தானே அந்தக் கனமான ட்ரிக்கர்? தெரியாமல்தான் வெடித்தது. பயத்தில் உடம்பு மொத்தமும் இறுகும்போது விரல் மட்டும் தனியாக நிற்பதில்லை. விரலை ட்ரிக்கருக்கு வெளியே, சட்டத்தின் மேல் நீட்டி வைக்கிற பழக்கம்தான் அங்கே உதவியிருக்கும். அந்தப் பழக்கம் ஸ்பிரிங்கில் கிடைக்காது.

வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் ஜூரிகள் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கி ஒவ்வொருவராக ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தார்கள். நம் கேன்டீன் ஆராய்ச்சியேதான், ஆனால் ஒருவரின் ஜெயிலும் இன்னொருவரின் சாவும் அதில் தொங்கியது. இவ்வளவு கனமானது தெரியாமல் எப்படி இழுபடும் என்று அவர்களுக்குத் தோன்றியது. 2016 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. பிறகு நீதிபதி குற்றத்தின் அளவைக் குறைத்து, சிறை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார். நான் அந்த ஜூரிகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிச்சமான அறையில், சாவகாசமாக, வெடிக்காத துப்பாக்கியை இழுத்துப் பார்க்கிற விரலுக்குத் தெரிகிற எடை வேறு. இருட்டில், ரத்தம் தலைக்கேறின நேரத்தில் அதே விரலுக்குத் தெரிகிற எடை வேறு. 12 பவுண்டு என்று அளவுமானி காட்டினது இரண்டு இடத்திலும் ஒன்றே. 'ட்ரிக்கர் ஃபீல்' என்று ஒன்று துப்பாக்கிக்குள் இருப்பதாக நாம் நினைப்பது எனக்கு அதனால்தான் ஒத்துவரவில்லை.

2021-இல் நியூயார்க் போலீஸ் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எடை குறைந்த ட்ரிக்கர் தரப்போவதாகச் செய்தி வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து.

அப்படியானால் லேசான ட்ரிக்கர்தான் நல்லதா என்று அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம். நம் நாட்டுக்கு வருவோம். 2023 டிசம்பர் 8, உத்தரப் பிரதேசம் அலிகார். பாஸ்போர்ட் விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறார். எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்.ஐ. கையில் பிஸ்டல் கொடுக்கப்படுகிறது. அவர் அதைக் கையாளும்போது வெடித்து, குண்டு அந்தப் பெண்ணின் தலையில் பாய்கிறது. சில நாளில் அவர் இறந்துபோனார். எல்லாம் சி.சி.டி.வி.யில் இருக்கிறது, நாடே பார்த்தது. இங்கே ட்ரிக்கர் இரண்டு கிலோவா ஐந்து கிலோவா என்பது ஒரு பொருட்டா? காலி என்று நினைத்து இழுக்கிற விரல் எவ்வளவு கனமாக இருந்தாலும் இழுத்துவிடும். மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, கண்ணால் பார், விரலால் தடவிப் பார், குழல் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். இவ்வளவும் கை தானாகச் செய்கிற அளவுக்கு ஊற வேண்டும். அலிகாரில் பாஸ்போர்ட் வாங்க வந்தவரின் உயிர் அந்த ஊறலில் இருந்தது. நாளைக்கு நம்மில் யாராவது பாஸ்போர்ட்டுக்குக் கனகம்மாசத்திரம் ஸ்டேஷனில் போய் நிற்கத்தானே போகிறோம்?

விமர்சன வீடியோக்கள் மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. அவர்கள் அடுக்கி வைத்து ஒப்பிடுகிற 9 எம்.எம். பிஸ்டல் எதுவும் இந்தியாவில் சாதாரண ஆளுக்கு உரிமத்தில் கிடைக்காது. ஆயுதச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் கிடைத்தாலும் .32, .22 அந்த மாதிரிதான். கிளாக்கை நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தயாரிக்கிற திட்டம் பற்றிச் செய்தி வந்தபோது நம் ஆட்கள் என்னவோ மில் வாசலில் ஆடித் தள்ளுபடி போடப்போகிறார்கள் என்கிற ரேஞ்சுக்குக் குதித்தார்கள். அப்படிச் செய்கிற 9 எம்.எம். போலீசுக்கும் ராணுவத்துக்கும்தான் போகும். ஆக, இந்த நாட்டில் எந்த ட்ரிக்கர் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கிறவர் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் இல்லை, டெண்டர் போடுகிற அதிகாரி. விலைப்புள்ளியில் ட்ரிக்கர் எடை என்று ஒரு கட்டம் இருக்கும், எண் போடலாம். பயிற்சிக்கு வருஷத்துக்கு ஆளுக்கு எத்தனை தோட்டா என்பதும் அதே காகிதத்தில் பக்கத்துக் கட்டத்தில் வரவேண்டும் என்பேன். பைக் வாங்குகிறவன்கூட பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டுத்தானே வாங்குகிறான்.

தோட்டாவே இல்லாமலும் பாதிப் பயிற்சி செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காசு இல்லை என்று தப்பித்துக்கொள்வார்கள். எங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் ஏர் பிஸ்டல் சுடுகிறவர். தினமும் அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக் காலித் துப்பாக்கியை இழுப்பார். அவ்வளவுதான், ஒரு சத்தமும் கிடையாது. முன் குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசைப் படுக்க வைத்து ட்ரிக்கரை இழுக்க வேண்டும், காசு விழக்கூடாது. இரண்டு தடவை சோதித்து, காலி என்று காட்டி, என்னையும் இழுக்கச் சொன்னார். வெறும் அரைக் கிலோ ட்ரிக்கர். எனக்குப் பத்தில் ஆறு தடவை காசு தரையில் உருண்டது. எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிற நண்பனுக்குப் பத்தில் எட்டு. அவரோ பேசிக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தார், காசு அப்படியே ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாக இதைச் செய்கிறீர்கள் அண்ணா என்று கேட்டதற்கு, ஐந்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு என்றார்.